வேர் எங்கே தொடங்குகிறது? எஃப்டிபி பயனரை அவருடைய கோப்புறைக்குள் நிறுத்துவது

ஒரே லினக்ஸ் சர்வரில் பத்துப் பேருடைய இணையதளங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் ஒவ்வொருவருக்கும் ஓர் எஃப்டிபி கணக்கு கொடுத்திருக்கிறீர்கள். மலர் என்ற கணக்குக்கு உரியவர் ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி நிரலைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வருகிறார். வலப்பக்கப் பலகத்தில் அவருடைய கோப்புகள் தெரிகின்றன. அந்த வரிசையின் தலையில் இரண்டு புள்ளிகள் மட்டும் கொண்ட ஒரு வரி இருக்கும். அதை இருமுறை சொடுக்கினால் ஒரு படி மேலே, /ஹோம் என்ற கோப்புறைக்குப் போய்விடுகிறார். மற்ற ஒன்பது பேரின் பெயர்களும் அங்கே வரிசையாக நிற்கின்றன. இன்னொரு முறை சொடுக்கினால் சர்வரின் உச்சிக்கே, வெறும் சாய்கோட்டால் குறிக்கப்படும் வேர்க் கோப்புறைக்கே வந்துவிடுகிறார்.

இது ஏதோ ஓட்டை வழியாக நடப்பதில்லை. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களின் இயல்பே இதுதான். கணக்கு வைத்திருக்கும் யாரும் மரம் முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம். அனுமதி மறுக்கப்பட்ட கிளைகளில் மட்டும் நுழைய முடியாது. கணக்குகளின் பட்டியலைக் கொண்ட /இடிசி/பாஸ்டபிள்யுடி என்ற கோப்பை எல்லாரும் படிக்கலாம். பல நிரல்களுக்கு அது தேவைப்படுவதால் அப்படித்தான் வைத்தாக வேண்டும். கடவுச்சொற்கள் அதில் இல்லை, வேறொரு பூட்டிய கோப்பில் இருக்கின்றன. ஆனால் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பது தெரிந்தாலே, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க நினைப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

உண்மையான ஆபத்து பக்கத்துக் கோப்புறைகளில் இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 21.04 பதிப்பு வரும் வரை, புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறை 755 என்ற அனுமதியோடுதான் பிறந்தது. உரியவர் எழுதலாம், மற்ற எல்லாரும் நுழையலாம், படிக்கலாம் என்று அதற்குப் பொருள். 21.04இல் அதை 750 ஆக்கி, மற்றவர்களுக்கு மூடினார்கள். பழைய சர்வர்களில் பழைய அனுமதிகள் அப்படியே கிடக்கும். அங்கே ஒருவர் வேர்ட்பிரஸ் தளம் வைத்திருந்தால், தரவுத்தளத்தின் கடவுச்சொல் அதன் அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பும் எல்லாரும் படிக்கும்படி இருந்தால், மலர் அதை இறக்கிக்கொள்ளத் தடையேதும் இல்லை. மலர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கணினியில் புகுந்து, ஃபைல்ஜில்லாவில் சேமித்து வைத்த கடவுச்சொல்லைத் திருடியவர் நல்லவராக இருக்க மாட்டார்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது அனுமதிகளைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு ஹோம் கோப்புறையையும் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறவர்கள் நிறையப் பேர், அது தவறு. அடுத்த கட்டத்தில் எங்காவது சறுக்கினால் தாங்கிப் பிடிக்கப்போவது இந்த அனுமதிகள்தான். ஆனால் இவை மட்டும் போதாது. /இடிசி, /யுஎஸ்ஆர் போன்ற பொதுக் கோப்புறைகளை எல்லாருக்கும் மூடிவிட்டால் சர்வரே ஓடாது. எஃப்டிபி வழியாக வருகிறவருக்கு மட்டும் அவை இருப்பதே தெரியக்கூடாது என்றால் வேறொரு வழி வேண்டும். அந்த வழிக்குப் பெயர் சிஎச்ரூட்.

வேரை இடம் மாற்றுதல்

(கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் இங்கே ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். நான் அடிக்கோடு போட்டிருக்கும் இடங்களில் அங்கேயும் அடிக்கோடு வரும்.)

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறையைப் பற்றியும், இயங்குதளத்தின் மையமான கர்னல் இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறது. ஒன்று, அந்தச் செயல்முறை இப்போது நிற்கும் கோப்புறை. மற்றொன்று, அதைப் பொறுத்தவரை வேர் எது என்பது. சாய்கோட்டில் தொடங்கும் எந்தப் பாதையைக் கேட்டாலும், இரண்டாவது குறிப்பு காட்டும் இடத்திலிருந்துதான் கர்னல் நடக்கத் தொடங்கும். எல்லாச் செயல்முறைகளுக்கும் இந்தக் குறிப்பு வழக்கமாக ஒன்றாகவே இருப்பதால் அப்படியொன்று இருப்பதே நம் கண்ணில் படுவதில்லை.

சிஎச்ரூட் என்ற கர்னல் அழைப்பு இந்த இரண்டாவது குறிப்பை மாற்றி எழுதுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எஃப்டிபி சர்வர் மலருக்காக ஒரு செயல்முறையைத் தொடங்கி, அதன் வேர் இனி /ஹோம்/மலர் என்று கர்னலிடம் சொல்லிவிட்டால், அந்தச் செயல்முறை /இடிசி/பாஸ்டபிள்யுடி என்று கேட்கும்போது கர்னல் தேடுவது /ஹோம்/மலர்/இடிசி/பாஸ்டபிள்யுடி என்ற கோப்பை. அப்படி ஒன்று இல்லை. ஆகவே 'இல்லை' என்று பதில் வரும்.

இரண்டு புள்ளிகள் என்ன ஆகின்றன? வேரில் நின்றுகொண்டு மேலே போகச் சொன்னால் கர்னல் வேரிலேயே நிறுத்தும். சாதாரண வேருக்கும் இதுதான் விதி, மாற்றிய வேருக்கும் இதுதான் விதி. இதைக் கண்ணால் பார்க்கலாம். கட்டளை வரி எஃப்டிபி நிரலில் மலராக நுழைந்து 'பிடபிள்யுடி' என்று கேளுங்கள். வேர் மாற்றப்படாத சர்வர், 257 என்ற எண்ணோடு "/ஹோம்/மலர்" என்று பதில் தரும். வேர் மாற்றப்பட்ட சர்வர் அதே 257 எண்ணோடு வெறும் "/" என்று சொல்லும். இப்போது 'சிடி' போட்டு இரண்டு புள்ளிகளைக் கொடுங்கள். 250, கோப்புறை மாறிவிட்டது என்று வெற்றிச் செய்தியே வரும்! மறுபடி 'பிடபிள்யுடி' கேட்டால் பழையபடி "/". மறுப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்ற தடயமே பயனருக்குக் கிடைப்பதில்லை. அனுமதி மறுப்பு என்றால் 'இங்கே ஒரு கதவு இருக்கிறது, உனக்குத் திறக்காது' என்று சொல்வதாகும். வேர் மாற்றம் கதவே இல்லாமல் செய்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

இந்த அழைப்பு 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருக்கிறது. எஃப்டிபி அதைவிடப் பழையது. அதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர், கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து எம்ஐடிக்குப் போன அபய் பூஷண். இரண்டும் சேர்ந்தது முக்கியமாக அநாமதேய எஃப்டிபிக்காக. கணக்கே இல்லாதவர்கள் வந்து பொதுக் கோப்புகளை எடுத்துப் போகலாம் என்று பல்கலைக்கழகங்கள் சர்வர்களைத் திறந்து வைத்தபோது, வருகிறவர் பொதுக் கோப்புறையைத் தாண்டிப் போகாமலிருக்க வேரை மாற்றினார்கள். அப்போது ஒரு சிக்கலும் எழுந்தது. கோப்புப் பட்டியலைக் காட்ட அந்தக் காலத்து எஃப்டிபி சர்வர்கள் 'எல்எஸ்' என்ற வெளி நிரலைக் கூப்பிடும். வேர் மாறிய பிறகு அந்த நிரல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பொதுக் கோப்புறைக்குள்ளேயே 'பின்' என்ற பெயரில் ஒரு கோப்புறை செய்து அதில் எல்எஸ்ஸின் ஒரு பிரதியை வைத்தார்கள். இன்றைய சர்வர்கள் பட்டியலைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. அந்தப் பிரதிக்கு வேலை இல்லை.

விஎஸ்எஃப்டிபிடியில் செய்வது

லினக்ஸில் பரவலாக இருக்கும் எஃப்டிபி சர்வர் விஎஸ்எஃப்டிபிடி. அதன் அமைப்புக் கோப்பு டெபியனிலும் உபுண்டுவிலும் /இடிசி கோப்புறையிலேயே நேரடியாக இருக்கும். ரெட் ஹேட் வகைகளில் /இடிசிக்குள் அதே பெயருள்ள உட்கோப்புறையில் இருக்கும். அதில் சேர்க்க வேண்டியது ஒரே வரி: சிஎச்ரூட்_லோக்கல்_யூசர்=யெஸ். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. சேமித்துவிட்டு, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இப்போது மலராக நுழைந்து பார்த்தால், பெரும்பாலும் நுழையவே முடியாது. 500 என்ற எண்ணோடு, 'ஊப்ஸ்' என்ற சொல்லோடு ஒரு பிழைச் செய்தி வரும். 'வேர் மாற்றிய இடத்தின் உச்சியில் எழுத முடிகிறது. ஆகவே ஓட மறுக்கிறேன்' என்பது அதன் சாரம். இந்த இடத்தில்தான் புதியவர்கள் இணையத்தில் தேடுகிறார்கள். அலோ_ரைட்டபிள்_சிஎச்ரூட்=யெஸ் என்ற வரியைச் சேர்த்தால் போதும் என்ற பதில் உடனே கிடைக்கிறது. சேர்த்ததும் எல்லாம் ஓடுகிறது; பக்கத்தை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் செய்தி எதைத் தடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

வேரை மாற்றிய பிறகும் எஃப்டிபி சர்வரின் செயல்முறை பல பொதுவான கோப்புகளை நாடும். எண்ணைப் பயனர் பெயராக மாற்ற, நேர வலயத்தைப் பார்க்க, எந்தத் தகவலை எங்கே தேடுவது என்ற விதிகளைப் படிக்க என்று, அது துணைக்கு எடுத்துக்கொள்ளும் நிரல் தொகுப்புகளான நூலகங்கள் தாமாகவே /இடிசி, /லிப் ஆகிய கோப்புறைகளுக்குள் எட்டிப் பார்க்கும். வேர் இப்போது /ஹோம்/மலர். அந்த உச்சியில் மலர் எழுத முடியும் என்றால், இடிசி என்றும் லிப் என்றும் இரண்டு கோப்புறைகளை அவரே உருவாக்கலாம். உள்ளே தனக்கு வேண்டிய விதிக் கோப்பையும், தான் தொகுத்த ஒரு நூலகத்தையும் போட்டு வைக்கலாம். சர்வரின் செயல்முறை அவற்றை உண்மையான கணினியின் கோப்புகள் என்றே நம்பும். அது, சர்வரில் எதையும் செய்யக்கூடிய ரூட் பயனரின் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணத்தில் அந்த நூலகத்தைத் தூக்கிக்கொண்டுவிட்டால், மலர் எழுதிய நிரல் ரூட்டாக ஓடுகிறது. சர்வர் முழுவதும் கைமாறிவிடுகிறது.

இது வெறும் கற்பனை அன்று. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் அதனுடைய எஃப்டிபி சர்வரும், ப்ரோஎஃப்டிபிடி என்ற இன்னொரு எஃப்டிபி சர்வரும் இதே வழியில் வீழ்த்தப்படலாம் என்று 2011 இறுதியில் வெளிவந்தது. விதிக் கோப்பு ஒன்று, பொய் நூலகம் ஒன்று. இரண்டையும் ஏற்றிவிட்டுச் சர்வரை அவற்றைத் தேடவைப்பதுதான் தாக்குதல். ஃப்ரீபிஎஸ்டி அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டுத் திருத்தியது. அந்தச் சமயத்தில் வந்த விஎஸ்எஃப்டிபிடியின் 2.3.5 பதிப்பிலிருந்துதான், உச்சியில் எழுத முடிந்தால் ஓட மறுக்கும் பழக்கம் தொடங்கியது. மறுப்பை அணைத்து வைக்கும் அந்த ஒற்றை வரி பின்னால், 3.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. திருத்தப்பட்ட நூலகங்களில் அதே தாக்குதல் இன்று அப்படியே பலிக்காது என்பது சரி. ஆனால் வேர் என்பது ஒரு செயல்முறை கேள்வி கேட்காமல் நம்பும் இடம். அந்த இடத்தை நம்பக்கூடாதவரின் கையில் கொடுப்பது எந்த ஆண்டிலும் தவறுதான்.

வாடகை வீட்டில் சுவரும் நிலையும் வீட்டுக்காரருக்கு உரியவை. குடியிருப்பவர் உள்ளே தன் பொருள்களை வைத்துக்கொள்ளலாம், சுவரை இடிக்க முடியாது. கோப்புறைகளையும் அப்படியே அமைக்க வேண்டும். /ஹோம்/மலர் ரூட்டுக்கு உரியதாகட்டும். அதற்குள் கோப்புகள் என்றோ பதிவேற்றம் என்றோ ஒரு கோப்புறை செய்து அதை மட்டும் மலருக்கு உரியதாக்குங்கள். உரிமையாளர் ரூட், குழு மலர், அனுமதி 750 என்று உச்சிக்கு வைத்தால் பக்கத்துக் கணக்குகளுக்கும் அது மூடியே இருக்கும். மலரின் இணையதளமும் அதற்குள் இருந்தால் வெப் சர்வர் கடந்து போக வேண்டியிருக்கும், அப்போது 751. மலர் உள்ளே வந்ததும் அந்த ஒரு கோப்புறையைக் காண்பார், அதைத் திறந்து வேலையைத் தொடங்குவார். கூடுதலாக ஒரு சொடுக்கு, அவ்வளவே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. உரிமையாளரை மாற்றாமல், 'சிஎச்மோட்' கட்டளையால் எழுதும் அனுமதியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றும் சில குறிப்புகள் சொல்கின்றன. அப்படிச் செய்தாலும் பிழைச் செய்தி மறைந்துவிடும். ஆனால் கோப்புறை இன்னும் மலருக்கே உரியது. தன் கோப்புறையின் அனுமதியை மாற்றும் உரிமை உரிமையாளருக்கு எப்போதும் உண்டு. எஃப்டிபி வழியாகவே அனுமதியை மாற்ற ஒரு கட்டளை இருக்கிறது, விஎஸ்எஃப்டிபிடி அதை இயல்பாகவே ஏற்கிறது. ஃபைல்ஜில்லாவில் வலச்சொடுக்கில் வரும் அனுமதிப் பெட்டி அதைத்தான் அனுப்புகிறது. எனவே உரிமையாளரை ரூட்டாக மாற்றுவதே முழுமையான தீர்வு.

ஹோம் கோப்புறையைத் தொடவே வேண்டாம் என்று நினைத்தால், எஃப்டிபிக்கென்று தனி இடம் ஒதுக்கலாம். யூசர்_சப்_டோக்கன் என்ற வரியில் டாலர் குறியோடு யூசர் என்ற சொல்லைக் கொடுத்து, லோக்கல்_ரூட் என்ற வரியில் /எஸ்ஆர்வி/எஃப்டிபி/ என்று தொடங்கி அதே சொல்லில் முடியும் பாதையைக் கொடுங்கள். யார் நுழைகிறாரோ அவருடைய பெயர் அந்த இடத்தில் வந்து உட்காரும். ஹோம் கோப்புறையில் வேறு வேலைகளும் நடக்கும் கணக்குகளுக்கு எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடிக்கும்.

சிலரை மட்டும் அடைக்க வேண்டும், அல்லது சிலரை மட்டும் விட வேண்டும் என்றால் சிஎச்ரூட்_லிஸ்ட்_எனேபிள்=யெஸ் என்ற வரி உதவும். பெயர்களை ஒரு பட்டியல் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். இதில் எல்லாரையும் குழப்பும் ஒரு திருப்பம் இருக்கிறது: பட்டியலின் பொருள், முந்தைய வரியைப் பொறுத்துத் தலைகீழாகும். சிஎச்ரூட்_லோக்கல்_யூசர் 'நோ' என்றிருந்தால், பட்டியலில் இருப்பவர்கள் அடைபடுவார்கள். 'யெஸ்' என்றிருந்தால், பட்டியலில் இருப்பவர்கள் விடுபடுவார்கள். நிர்வாகிகளின் பெயர்களை விலக்காக எழுதி வைத்த பட்டியல் அப்படியே இருக்க, யாரோ ஒருவர் முதல் வரியை 'நோ' ஆக்கிவிட்டால், நிர்வாகிகள் அடைபட்டு மற்ற எல்லாரும் வெளியே உலவுவார்கள். பட்டியல் கோப்பின் முதல் இரண்டு வரிகளிலேயே அதன் பொருளை எழுதி வைக்கலாமே என்று தோன்றும்; ஆனால் அது பெயர்களுக்கான கோப்பு, விளக்கத்தை அமைப்புக் கோப்பில், அந்த வரிக்கு மேலே எழுதுங்கள்.

ப்ரோஎஃப்டிபிடியில் இதே வேலைக்கு டிஃபால்ட்ரூட் என்ற வரி. அதற்கு எதிரே ஹோம் கோப்புறையைக் குறிக்கும் அலைக்கோடு. குழுவின் பெயரையும் சேர்த்து எழுதினால் அந்தக் குழுவுக்கு மட்டும் பொருந்தும், முன்னால் வியப்புக்குறி போட்டால் அந்தக் குழுவைத் தவிர மற்றவர்களுக்குப் பொருந்தும். விண்டோஸில் சிஎச்ரூட் கிடையாது. ஐஐஎஸ் எஃப்டிபி சர்வரில் பயனர் தனிமைப்படுத்தல் என்ற அமைப்பு இருக்கிறது. லோக்கல்யூசர் என்ற கோப்புறைக்குள் கணக்கின் பெயரிலேயே ஒரு கோப்புறை இருந்தால் அதையே அவருக்கு வேராகக் காட்டும்.

எஸ்எஃப்டிபியில் விதி இன்னும் கண்டிப்பு

எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே வலையில் போகிறது. சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வழியில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் கடவுச்சொல் கிடைத்துவிடும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இல் எஃப்டிபி ஆதரவையே நீக்கிவிட்டன. புதிதாகச் சர்வர் அமைப்பவர், எஸ்எஸ்எச் என்ற மறையாக்கிய தொலை இணைப்பின் வழியாக ஓடும் எஸ்எஃப்டிபியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பெயர்கள் ஒலியில் நெருங்கி இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு நெறிமுறைகள். விஎஸ்எஃப்டிபிடியில் எழுதிய எந்த வரியும் எஸ்எஃப்டிபி வழியாக வருகிறவரைத் தொடாது. எஃப்டிபியில் சுவர் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போதே, அதே கணக்கும் அதே கடவுச்சொல்லும் எஸ்எஸ்எச்சின் 22ஆம் எண் வாசலில் முழு மரத்தையும் திறந்து காட்டிக்கொண்டிருக்கலாம்.

எஸ்எஸ்எச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2008 முதல் இந்த வசதி உள்ளமைந்தே வருகிறது. முதலில் எஸ்எஃப்டிபி மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கென்று ஒரு குழுவை உருவாக்கி அவர்களை அதில் சேர்த்துவிடுங்கள். பிறகு அதன் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டியின் அமைப்புக் கோப்பின் இறுதியில் 'மேட்ச் குரூப்' என்று தொடங்கி அந்தக் குழுவின் பெயரைக் கொடுங்கள். அதன்கீழ் மூன்று வரிகள் முக்கியம். சிஎச்ரூட்டைரக்டரி என்ற வரியில் பாதை; சதவீதக் குறியும் யு எழுத்தும் சேர்ந்தால் பயனர் பெயர், எச் எழுத்து சேர்ந்தால் அவருடைய ஹோம் கோப்புறை. ஃபோர்ஸ்கமாண்ட் என்ற வரியில் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி. அலோடிசிபிஃபார்வர்டிங் என்ற வரியில் 'நோ'. 'மேட்ச்' என்று தொடங்கினால் அடுத்த 'மேட்ச்' வரும் வரை, அல்லது கோப்பு முடியும் வரை உள்ள எல்லா வரிகளும் அந்தக் குழுவுக்கே பொருந்தும். அதனால்தான் இறுதியில் எழுதச் சொல்கிறேன்.

இன்டர்னல்-எஸ்எஃப்டிபி ஏன்? எஸ்எஃப்டிபியைக் கவனிக்கும் நிரல் வழக்கமாகத் தனிக் கோப்பாக, வேறு கோப்புறையில் இருக்கிறது. வேர் மாறியதும் அது காணாமல் போய்விடும். பழைய எல்எஸ் சிக்கலேதான் இதுவும். எஸ்எஸ்எச்டி தனக்குள்ளேயே வைத்திருக்கும் வடிவத்தைப் பயன்படுத்தச் சொன்னால் வெளியே எதையும் தேட வேண்டியதில்லை. அந்த வரியே, கட்டளைகளைத் தட்டி வேலை செய்யும் கட்டளைக் கூடு (ஷெல்) வேண்டும் என்று கேட்டு வருகிறவரையும் தடுத்துவிடுகிறது.

ஓப்பன்எஸ்எஸ்எச்சில் எழுதும் அனுமதி பற்றிய விதிக்கு விலக்கே கிடையாது. அணைத்து வைக்கும் வரியும் கிடையாது. வேராகப் போகும் கோப்புறை மட்டுமன்றி, உச்சியிலிருந்து அதுவரை வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையும் ரூட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். குழுவோ மற்றவர்களோ எழுத முடியாததாக இருக்க வேண்டும். வழியில் உள்ளவை ஏன்? தாய்க் கோப்புறையில் எழுத முடிகிறவர், உள்ளே இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு அந்த இடத்தில் தன்னுடையதை வைத்துவிடலாம். காவல் ஒரே ஒரு கோப்புறையில் நின்றால் போதாது.

இந்த விதி மீறப்பட்டிருந்தால் பயனருக்குக் காரணம் சொல்லப்படாது. கடவுச்சொல் ஏற்கப்படும், அடுத்த நொடி இணைப்பு அறுந்துவிடும். காரணம் சர்வரின் பதிவேட்டில்தான் இருக்கிறது: டெபியன், உபுண்டு என்றால் வழக்கமாக ஆத்.லாக், ரெட் ஹேட் என்றால் செக்யூர் என்ற கோப்பு. சிஎச்ரூட் கோப்புறையின் உரிமையோ அனுமதியோ சரியில்லை என்று பாதையோடு எழுதியிருக்கும். புதியவர்கள் மணிக்கணக்கில் கடவுச்சொல்லையும் ஃபயர்வாலையும் சந்தேகிப்பது, இந்தப் பதிவேட்டைத் திறக்காததால்தான்.

எஸ்எஸ்எச்டியின் கோப்பில் கை வைக்கும்போது, சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு முன் 'எஸ்எஸ்எச்டி -டி' என்ற கட்டளையை (கடைசியில் வருவது 'டெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து, சிறிய எழுத்தில்) ஓட்டிப் பாருங்கள்; எழுத்துப் பிழை இருந்தால் சொல்லிவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஓர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிய இணைப்பில் சோதியுங்கள். நீங்களே வெளியே பூட்டப்பட்டுவிட்டால் திரும்பி உள்ளே வர அந்தப் பழைய இணைப்புதான் வழி.

உள்ளே போனதும் மாறித் தெரிபவை

வேர் மாறியதும் முதலில் வரும் புகார், 'என் தளத்தின் கோப்புறை திறக்க மாட்டேன் என்கிறது' என்பதாக இருக்கும். /வார்/டபிள்யுடபிள்யுடபிள்யு என்ற இடத்தில் உள்ள தளத்துக்கு ஹோம் கோப்புறையிலிருந்து ஒரு சிம்லிங்க் போட்டு வைத்திருப்பார்கள். சிம்லிங்க் என்பது ஒரு பாதையை எழுதி வைத்த துண்டுச் சீட்டைப் போன்றதுதான். அதைப் படிக்கும்போது கர்னல் புதிய வேரிலிருந்தே நடக்கிறது, அங்கே அப்படி ஒன்றும் இல்லை. இதற்கு வழி பைண்ட் மவுண்ட். 'மவுண்ட்' கட்டளைக்கு 'பைண்ட்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால், ஒரு கோப்புறையை மரத்தில் இன்னோர் இடத்திலும் தெரியச் செய்யலாம். அது பாதையைப் பார்ப்பதில்லை, கோப்புறையையே ஒட்டுகிறது. எனவே சுவருக்குள்ளும் தெரியும். சர்வர் மறுபடி தொடங்கும்போது நிலைத்திருக்க எஃப்எஸ்டேப் கோப்பிலும் ஒரு வரி எழுத வேண்டும். எதை ஒட்டுகிறீர்களோ அது பயனருக்கு முழுதாகத் திறந்துவிடும் என்பதால், தேவையான கோப்புறையை மட்டும் ஒட்டுங்கள்.

கோப்புப் பட்டியலில் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 போன்ற எண்கள் தெரியலாம்; பெயர்களைத் தரும் கோப்பு வெளியே இருக்கிறது. நேரம் சில மணி தள்ளித் தெரிந்தால், நேர வலயக் கோப்பும் வெளியே இருப்பது காரணமாக இருக்கலாம். இவை பிழைகள் அல்ல. சரிசெய்வதற்காக உள்ளே ஓர் இடிசியை உருவாக்க முனையாதீர்கள்.

சுவர் காக்காதவை

சிஎச்ரூட் கோப்புப் பாதைகளை மட்டும்தான் மாற்றுகிறது. வலை இணைப்புகளையோ மற்றச் செயல்முறைகளையோ அது தொடுவதில்லை. லினக்ஸ் கையேடே, எந்தப் பாதுகாப்பு நோக்கத்துக்காகவும் உருவாக்கப்பட்டதன்று என்று இந்த அழைப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறது. ரூட் அதிகாரம் உள்ள செயல்முறை சுவரைத் தாண்டிவிடும்: உள்ளே ஒரு புதிய கோப்புறை செய்து, தான் நிற்கும் இடத்தை மாற்றாமலே வேரை மட்டும் அதற்கு மாற்றிக்கொண்டால், தன் வேருக்கு வெளியே நிற்கும். பிறகு இரண்டு புள்ளிகளைப் பிடித்து உண்மையான உச்சி வரை ஏறிவிடலாம். எஃப்டிபி சர்வர்கள் வேரை மாற்றியதும் ரூட் அதிகாரத்தைக் கைவிட்டுப் பயனரின் அதிகாரத்தில் ஓடுவது இதனால்தான். இன்னும் கெட்டியான தனிமை வேண்டுமென்று 2000இல் ஃப்ரீபிஎஸ்டி ஜெயில் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. லினக்ஸில் கன்டெய்னர்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன.

அதைவிட நடைமுறையில் அடிக்கடி நேர்வது வேறு. மலர் ஒரு பிஎச்பி கோப்பைத் தன் தளத்தில் ஏற்றுகிறார். ஏற்றும்போது அவர் சுவருக்குள் இருக்கிறார். ஆனால் உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது கோப்பை ஓட்டுவது வெப் சர்வர், அதற்குச் சுவர் இல்லை. அந்தக் கோப்பில் /இடிசியைப் படிக்கச் சொல்லும் நான்கு வரிகள் இருந்தால் அவை படிக்கும். பயனர்கள் நிரல்களை ஏற்றக்கூடிய சர்வரில், எஃப்டிபிக்கு மட்டும் சுவர் எழுப்பினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு தளத்தின் பிஎச்பியும் அந்தந்தப் பயனரின் பெயரில் ஓட வேண்டும், முதலில் சொன்ன கோப்பு அனுமதிகள் சரியாக இருக்க வேண்டும்.

எஃப்டிபி மட்டும் போதும் என்கிற கணக்குகளுக்குக் கட்டளைக் கூட்டை 'நோலாகின்' என்று மாற்றிவிடுவது வழக்கம். மாற்றியதும் விஎஸ்எஃப்டிபிடி 530, நுழைவு தவறு என்று மறுத்தால் கடவுச்சொல்லைச் சந்தேகிக்க வேண்டாம். பல லினக்ஸ் வகைகளில் அது, பயனரின் கூடு /இடிசி/ஷெல்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. நோலாகின் பொதுவாக அதில் இருப்பதில்லை.

எல்லாம் முடிந்ததும் மலராகவே நுழைந்து சோதியுங்கள். இரண்டு புள்ளிகளைக் கொடுத்த பிறகும் 'பிடபிள்யுடி' வெறும் சாய்கோட்டையே சொல்ல வேண்டும். உச்சியில் இடிசி என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கப் பாருங்கள். 550 என்று மறுப்பு வர வேண்டும். கோப்புகள் கோப்புறைக்குள் ஒரு படத்தை ஏற்றுங்கள். அது ஏற வேண்டும். அடுத்து அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளைக் கூட்டுக்குள் போகப் பாருங்கள். எஸ்எஃப்டிபி குழுவில் இருப்பவருக்கு, இந்தச் சேவை எஸ்எஃப்டிபி இணைப்புகளை மட்டுமே ஏற்கும் என்ற ஒற்றை வரி வந்து இணைப்பு முடியும். நோலாகின் போட்டவருக்கு, இந்தக் கணக்கு இப்போது கிடைக்காது என்று வரும். இரண்டும் வராமல் கட்டளைக் குறி வந்து நின்றால், அந்தக் கணக்கு குழுவில் சேர்க்கப்படவில்லை. புதிய பயனரைச் சேர்க்கும்போது பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.